கட்டிலுக்கு அடியில் ஓடிய இயந்திரம்

மொன்றியல் வெயிலைப் பற்றி ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஆறு மாதம் பனி கிடக்கிற இடத்தில் வெயிலாவது என்று சிரிப்பார்கள். அந்த ஊரில் லாசால் என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் ஒரு ஜூலை மத்தியானம் வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும். தலைக்கு மேல் தார் பூசிய கூரை. ஜன்னலைத் திறந்தால் நதியிலிருந்து வருகிற ஈரக் காற்றில் புடவை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அறுபதுகளின் கடைசியில், கல்யாணமாகி நான் வந்து இறங்கியது அப்படி ஒரு ஜூலையில்தான். பெட்டி நிறைய நான் அடைத்துக் கொண்டுவந்திருந்த கம்பளிச் சட்டைகளைப் பார்த்து என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் குளிரூட்டும் இயந்திரங்களைப் பற்றிப் படித்த இன்ஜினியர். பெரிய கட்டடங்களுக்கு ஏ.சி. பொருத்தும் கம்பெனியில் வேலை. ஒரு ஆஸ்பத்திரியில் அப்படி வேலை நடந்தபோது அங்கே இருந்த தமிழ் டாக்டர் ஒருவர் பழக்கமானார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எங்களுக்கு இருபது வருடம் முன்னாலேயே வந்தவர். இல்-பிசார் தீவில் சொந்த வீடு. மகள் டொராண்டோவில் படித்துக்கொண்டிருந்தாள். புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர்தான் அந்தப் பெரிய வீட்டில்.

டாக்டரின் மனைவியை முதல் நாளே நான் ஆன்ட்டி என்று கூப்பிட்டுவிட்டேன். "அந்த வார்த்தையே வேண்டாம். அக்கான்னு சொல்லு, இல்லேன்னா சாப்பாடு கிடையாது" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அந்த ஊரில் அக்கா என்றால் அவர் மட்டும்தான். குண்டு முகம், சத்தமான சிரிப்பு, எப்போதும் நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை. "தஞ்சாவூர்ல பொறந்துட்டு வெயில் தாங்கலன்னா யாராவது நம்புவாங்களா? எனக்குத் தாங்காது. கனடா மாப்பிள்ளைன்னு சொன்னதும் போட்டோகூடப் பார்க்காம சரின்னுட்டேன்" என்பார். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பருக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருப்பார்.

டாக்டருக்குப் படகுப் பைத்தியம். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏரி. யாரோ விற்ற பழைய மரப்படகு ஒன்றை வாங்கினார். உள்ளே ஒரு சின்ன அறை, கட்டில், அடுப்பு எல்லாம் உண்டு. அக்கா ஒரே ஒரு தடவை போய்விட்டு வந்து, இனிமேல் அந்த அடுப்புக்குள்ளே வந்து வேக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். டாக்டர் என் கணவரிடம் வந்தார். படகில் வைக்கிற மாதிரி ஒரு ஏ.சி.யை என் கணவர் தேடிப் பிடித்து, இரண்டு வார இறுதிகள் படகிலேயே கிடந்து, அக்காவின் கட்டிலுக்கு அடியில் அதைப் பொருத்திக் கொடுத்தார். அதற்கு மின்சாரம் கொடுக்கப் பின்பக்கம் ஒரு பெட்டிக்குள் சின்ன ஜெனரேட்டர். அந்தப் பக்கத்துப் படகுக்காரர்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா அன்றைக்கு ஒரு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நடு ஜூலையில், படகுக்குள் தூங்கினார்.

அந்த ஏ.சி.க்குக் குளிர்காலம் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. ஏரித் தண்ணீரை ஒரு பம்ப் உள்ளே இழுக்கும். அந்தத் தண்ணீர் இயந்திரத்தின் குழாய்களைச் சுற்றி வந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, படகின் பக்கவாட்டில் இருக்கிற துளை வழியாகத் திரும்ப ஏரியில் விழும். குளிர்காலத்தில் அந்தக் குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிட்டால்கூட அது உறைந்து விரிந்து செம்புக் குழாயையே பிளந்துவிடும். அதனால் இலையுதிர் காலத்தில் படகைக் கரையேற்றியதும் தண்ணீரை வடித்துவிட்டு, உறையாத ரோஸ் நிறத் திரவம் ஒன்றை வாளியிலிருந்து பம்புக்குக் கொடுத்து ஓடவிட வேண்டும். துளையில் ரோஸ் நிறம் வந்து விழுந்தால் வேலை முடிந்தது. ஒருவர் உள்ளே வாளியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஒருவர் வெளியே நின்று துளையைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வருடமும் நானும் கூடப் போனேன். அக்கா படகின் அடுப்பில் வெங்காய பஜ்ஜி போட்டுக் கொடுப்பார். குளிரில் விரல் விறைக்க அந்த பஜ்ஜியைத் தின்றது ஏதோ திருவிழா மாதிரி இருக்கும்.

மூன்றாவது வருடம் ஆகஸ்ட் கடைசியில் அக்கா இறந்துபோனார்.

படகில்தான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஏரிக்குப் போயிருக்கிறார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அக்கா கீழே போய்ப் படுத்தார். சாயங்காலம் கரைக்கு வந்து டாக்டர் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு, தூக்கத்திலேயே போயிருக்கிறது என்றார்கள். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காரியங்கள் நடந்த நாட்களில் டாக்டர் வந்தவர்களை உட்காரச் சொன்னார், காப்பி குடித்தார்களா என்று கேட்டார். மகள்தான் அழுதாள். பிறகு அவளும் டொராண்டோ போய்விட்டாள்.

அக்டோபரில் டாக்டர் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். "படகை மூடணும்மா. தம்பிய வரச் சொல்றியா? நீயும் வா" என்றார். நீயும் வா என்று அவர் சொன்ன விதத்தில், வர மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படகுத்துறையில் படகுகளையெல்லாம் தூக்கி மரக்கட்டைகளின் மேல் நிறுத்தியிருந்தார்கள். தண்ணீரில் பார்த்த படகு தரையில் நிற்கும்போது இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். வானம் சாம்பல் நிறம். மூடிய படகுகளின் மேல் கட்டிய தார்ப்பாய்கள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. டாக்டர் தொப்பி இல்லாமல், கோட்டுப் பையில் கைவிட்டுக்கொண்டு படகின் கீழே நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும், "கதவு திறந்துதான் இருக்கு. நான் அப்புறம் வர்றேன்" என்றார்.

என் கணவர் முதலில் வழக்கம்போல வடிகட்டியைக் கழற்றினார். ஏரியிலிருந்து வருகிற பாசியையும் செடியையும் பிடித்து வைக்கிற சின்னக் கம்பிக் கூடை அது. அதை வெளியே நீட்டிப் படகின் பக்கத்தில் தட்டி, உள்ளே இருந்ததைத் தரையில் உதறினார். பிறகு என்னிடம், "மெத்தைய எடுக்கணும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

இயந்திரம் கட்டிலுக்கு அடியில்தானே இருந்தது. மெத்தையை எடுத்து, பலகையைத் தூக்கினால்தான் அதைத் தொட முடியும். அந்தக் கட்டிலில் அக்கா படுத்திருந்த போர்வை மடிக்காமல் அப்படியே கிடந்தது. கால் பக்கம் சுருண்டு, தலைப்பக்கம் திறந்து, இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி. தலையணையில் ஒரு பள்ளம். கொக்கியில் அவருடைய சாம்பல் நிறக் கார்டிகன். ஜன்னல் விளிம்பில் கண்ணாடி, அதற்குப் பக்கத்தில் மூடி கழன்ற பவுடர் டப்பா. இரண்டு மாதமாக யாரும் எதையும் தொடவில்லை. அந்தச் சின்ன அறை முழுக்க அக்காவின் பவுடர் வாசனை. நான் போர்வையை மடித்தேன். மடிக்கும்போது, அனுமதி கேட்காமல் எடுக்கிறோமே என்று இருந்தது. மனதுக்குள், அக்கா, கொஞ்சம் எடுத்துக்கறேன், என்று சொல்லிக்கொண்டேன்.

கொண்டுவந்த திரவம் போதாது போலிருக்கிறது என்று என் கணவர் இன்னொரு டின் எடுக்கக் காருக்குப் போனார். கார் நிறுத்துகிற இடம் தூரம். அவர் போனதும் டாக்டர் ஏணி ஏறி வந்தார். உள்ளே வரவில்லை. அறைக்கு இறங்குகிற படிக்குப் பக்கத்தில் மேலே ஒரு இருக்கை உண்டு. அதில் உட்கார்ந்தார். நான் கீழே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய ஷூவும் கோட்டின் அடியும்தான் எனக்குத் தெரிந்தன.

"அன்னிக்கு நான் இங்கதான் உட்கார்ந்திருந்தேன்" என்றார்.

மடித்த போர்வையை நான் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்தோம். பேப்பர் படிச்சிட்டிருந்தேன். கதவ லேசாத் திறந்து வச்சிருந்தேன். உள்ளேருந்து வர்ற சில்லுனு காத்து கால்ல படும், எனக்குப் பிடிக்கும். அவ திட்டுவா, குளிரெல்லாம் வெளிய போகுதுன்னு." ஷூக்காலை மாற்றி வைத்தார். "சாப்பிட்டுப் படுத்து ரொம்ப நேரம் ஆச்சேன்னு, ஏம்மா, காப்பி போடவான்னு கேட்டேன். ம்னு சொன்னா."

"அக்காவா?"

"ம்னு சத்தம் வந்துச்சு. காப்பி போடறதுன்னா நான் கீழ இறங்கி வரணும். இந்தப் பக்கத்த முடிச்சிட்டுப் போலாம்னு நினைச்சேன். அது முடிஞ்சு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டேன். அப்புறம் மறந்தே போச்சு. வெயில் சாயறப்ப, கிளம்பலாமான்னு கேட்டேன். அதுக்கும் ம்னு வந்துச்சு. சரின்னு நங்கூரத்த எடுத்துட்டு வந்துட்டேன்."

வெளியே ஒரு தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு அடித்தது. அவர் அது அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

"கரைக்கு வந்து தொட்டுப் பார்த்தப்ப சில்லுனு இருந்தா. தாடை கொஞ்சம் இறுகியிருந்தது. அப்படின்னா போய் ரொம்ப நேரம் ஆயிருக்கணும், நான் காப்பி கேட்டதுக்கு முன்னாடியே. ஆனா இந்த ரூம்ல எல்லாமேதான் சில்லுனு இருந்தது. தலையணை சில்லுனு இருந்தது, டம்ளர் சில்லுனு இருந்தது. எத்தனையோ பேருக்கு நேரம் சொல்லியிருக்கேம்மா நான். என் பெண்டாட்டிக்கு என்னால சொல்ல முடியல."

அவர் சொல்ல வருவது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா முதலிலேயே போயிருந்தால், தூக்கத்திலேயே வலி இல்லாமல் போயிருப்பார். யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் அப்படியானால் ம் என்று சொன்னது யார்? சொன்னது அக்காவே என்றால், டாக்டர் காப்பி போடக் கீழே இறங்கியிருந்தால் அப்போது உயிரோடு இருந்திருப்பார். புருஷன் டாக்டர். பத்தடி தூரம்.

"இந்த மெஷின் அப்படிச் சத்தம் போடுமா?" என்று கேட்டார். "தம்பிகிட்டக் கேட்கணும்னு இருக்கேன். எனக்கு வாய் வரல."

என் கணவர் டின்னோடு திரும்பி வரும் சத்தம் கேட்டது. டாக்டர் அதோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

வேலை ஆரம்பித்தது. துறையிலிருந்து நீண்ட மின்கம்பி இழுத்து இயந்திரத்துக்குக் கொடுத்தோம். என் கணவர் பம்புக்கு வருகிற குழாயை வாளிக்குள் விட்டு, வாளியை என் மடிக்கு மேல் உயர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, வெளியே துளையைப் பார்க்கப் போனார். நான் தனியாகக் கீழே. சுவிட்சைத் தட்டினேன். கட்டில் பலகைகள் நடுங்கின. ஜன்னலுக்குக் கீழே இருந்த காற்றுத் துவாரத்திலிருந்து முதலில் தூசி வந்தது, பிறகு குளிர் காற்று, அதோடு இன்னும் கொஞ்சம் பவுடர் வாசனை. வாளியில் ரோஸ் நிறம் மெதுவாக இறங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே இருந்து குரல் வந்தது. "ஏம்மா, காப்பி போடவா?"

"ம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே தெரிந்தது. என்னைக் கேட்கவில்லை அவர். படகில் அடுப்பு பற்ற வைக்கவே இல்லை. வீட்டில் என் கணவர் அடுத்த அறையிலிருந்து எதையாவது கேட்டால், கேள்வி காதில் விழுகிறதோ இல்லையோ, வாய் ம் என்று சொல்லிவிடுமே, அப்படி வந்துவிட்டது.

டாக்டர் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். அந்த முகத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், நான்தான். தெரியாம வந்துடுச்சு. நான்தான் சொன்னேன்."

அவர் கையைப் படியில் ஊன்றிக்கொண்டார். "பரவாயில்லம்மா" என்றார். "தெரியாமத்தான் வரும்."

வெளியே என் கணவர், "ரோஸ் வந்துடுச்சு, நிறுத்து!" என்று கத்தினார்.

இறங்கி வந்ததும் டாக்டர் தானாகவே அவரிடம் கேட்டுவிட்டார். என் கணவர் எதையும் பூசி மெழுகத் தெரியாதவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தண்ணி ஒழுங்கா ஓடினா சத்தம் வராது சார். பம்ப் காத்த இழுத்தா முனகும். வடிகட்டில பாசி நிறைய அடைச்சிருந்தா அப்படி ஆகலாம்" என்றார்.

"அடைச்சிருந்ததா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். வடிகட்டியை உதறியது அவர்தான். அதில் எவ்வளவு இருந்தது என்று கவனிக்கவில்லை. வருடா வருடம் உதறுகிறதுதானே.

மூன்று பேரும் படகின் அடியில் போய்த் தேடினோம். கிடைத்தது. கருப்பும் பச்சையுமாக ஒரு பிடி ஏரிச்செடி, சேற்றோடு ஒட்டி, ஓரங்களில் காய ஆரம்பித்திருந்தது. டாக்டர் கோட்டு தரையில் படக் குந்தி உட்கார்ந்து, ஒற்றை விரலால் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். அது ஒரு கூடை இருந்ததா, அரைக் கூடை இருந்ததா, காற்றில் பாதி போய்விட்டதா, யாரால் சொல்ல முடியும்? அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. என் கணவர்தான் கையைப் பிடித்துத் தூக்கினார்.

அன்று திரும்பும் வழியில் நான் அவரோடு சண்டை போட்டேன். "ஆமா, மெஷின்தான் சத்தம் போடும்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போவீங்க?"

"எனக்குத் தெரியாததை எப்படிச் சொல்றது?" என்றார். பாலம் தாண்டினோம். பிறகு, "நான் வச்ச மெஷின்டி அது" என்றார். அவருக்கும் அது எங்கேயோ குத்தியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் குளிர்காலத்தில் டாக்டர் படகை விற்றுவிடுவார் என்று நினைத்தோம். விற்கவில்லை. மே மாதம் தண்ணீரில் இறக்கினார். கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக ஏரிக்குப் போனார். ஒரு தடவை போனில், "ஏ.சி. நல்லா ஓடுதும்மா" என்றார். காலில் படுகிற காற்று போதும், ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்தால் ஜலதோஷம் பிடிக்கும் என்று சொல்கிறவர். யாருமில்லாத அறைக்கு எதற்கு ஓட விடுகிறார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது குழந்தை பிறந்திருந்தது. இரவெல்லாம் விழித்துக் கிடந்த நாட்கள். தொட்டில் பக்கத்தில் கண் சொருகும்போது சில சமயம் யாரோ காப்பி போடவா என்று கேட்பது போல இருக்கும். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வேன்.

அடுத்த அக்டோபரிலும் போன் வந்தது. குழந்தையைக் கீழ் வீட்டு இத்தாலிக்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டுப் போனோம்.

இந்தத் தடவை டாக்டர் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். போர்வை, கார்டிகன், கண்ணாடி எதுவும் இல்லை. மகள் வந்து எடுத்துப் போனாளாம். மெத்தை உறை மாற்றியிருந்தது. பவுடர் வாசனை மட்டும் எங்கேயோ பலகைக்குள் கொஞ்சம் மிச்சம் இருந்தது. என் கணவர் வடிகட்டியைக் கழற்றப் போனபோது, "நான் பார்த்துட்டேன், ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர்.

தண்ணீரை வடித்து, வாளியில் திரவம் ஊற்றி, துளையில் ரோஸ் நிறம் வருவதை என் கணவர் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். சுவிட்சை அணைக்கக் கை நீட்டினேன்.

"அணைக்காத" என்றார் டாக்டர். "தம்பி, நீங்களும் இவ பக்கத்துலயே உட்காருங்க. நான் மேல போய் ஒரே ஒரு தடவை கூப்பிடறேன். ரெண்டு பேரும் பதில் சொல்லாதீங்க. வாளி காலியாகி அது காத்த இழுக்கட்டும். அந்தச் சத்தத்த நான் கேட்கணும்."

வாளி காலியாக ஓடவிட்டால் பம்புக்கு நல்லதில்லை என்று என் கணவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பக்கத்தில் கட்டில் பலகையில் உட்கார்ந்தார். நான் வாளியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். நடுப்பகல்தான். ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்தது. பக்கத்துப் படகில் யாரோ பிரெஞ்சில் பாட்டு பாடிக்கொண்டே ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது.

டாக்டர் மேலே உட்கார்ந்தார். ஷூ தெரிந்தது. கோட்டின் அடி தெரிந்தது. பம்ப் ஓடியது, காற்று வந்தது, வாளியில் ஒரு சாண், பிறகு அரைச் சாண்.

"ஏம்மா, காப்பி போடவா?"

ம்.

சின்னதாக. சோம்பலாக. தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர்கள் சொல்வது மாதிரி. எங்களுக்குப் பின்னால், தலைமாட்டுப் பக்கமிருந்து வந்தது போல இருந்தது. என் கணவர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வாயில் புடவைத் தலைப்பு அப்படியே இருந்தது. அவர் கண் அதைப் பார்த்தது.

பிறகு வாளி காலியானது. குழாய் காற்றை உறிஞ்சியது. பம்ப் நீளமாக, கரகரவென்று முனகியது. மாடு கத்துவது மாதிரி இருந்தது அது. என் கணவர் எழுந்து சுவிட்சை அணைத்தார்.

டாக்டர் இறங்கி வந்தார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"நீ சொன்னியாம்மா?"

"இல்ல சார்."

என் கணவரைப் பார்த்தார். அவரும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

டாக்டர் இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "கடைசில வந்துச்சே, அந்தச் சத்தம், அது இல்ல" என்றார். "அது மெஷின் சத்தம். அன்னிக்கு நான் கேட்டது அது இல்ல. அவதான் சொன்னா."

கட்டிலில் உட்கார்ந்தார். இத்தனை மாதம் கழித்து அப்போதுதான் அழுதார். பெரிய சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, சின்னக் குழந்தை மாதிரி அழுதார். நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சின்ன அறையில் போக இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தோம். "நான் இறங்கி வந்திருக்கணும்" என்றார். பலமுறை சொன்னார். பிறகு துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு குரலில், "ஆனா என்கூடத்தான் பேசிட்டிருந்தா. நான் தனியாப் பேசல" என்றார்.

அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று ஒரு வருடமாக நான் நினைத்திருந்தேனோ அதை அவர் எடுக்கவில்லை. குற்றமில்லாமல் வெளியே வருகிற வழி ஒன்று இருந்தது. அதில் அக்கா மத்தியானமே போய்விட்டவர், டாக்டர் அந்தச் சாயங்காலம் முழுக்க ஒரு இயந்திரத்தோடு பேசியவர். அவர் அதை வேண்டாம் என்றார். அன்று மாலை அவர் வீட்டில் எங்களுக்குத் தன் கையால் உப்புமா செய்து போட்டார். உப்பு அதிகம். மூன்று பேரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

காரில் ஏறி, தீவிலிருந்து வெளியே வந்த பிறகு என் கணவர் கேட்டார். "நீதான?"

"என்ன நீதான?"

"அந்தச் சின்னச் சத்தம்."

"வாயில துணி வச்சிருந்தேனே, பார்த்தீங்களே."

"துணி வச்சிருந்தாலும் ம் வரும்" என்றார். பிறகு சமாதானமாக, "பரவாயில்ல, விடு. நல்லதுக்குத்தான். அன்னிக்கு ஜெனரேட்டரும் ஓடிட்டிருந்திருக்கும். அந்தச் சத்தத்துல யார் ம்னு சொன்னாலும் மேல கேட்டிருக்குமான்னே எனக்குச் சந்தேகம். இன்னிக்கு நாம பண்ணினதுல எதுவும் தெரியாது. கரையில நிக்கற படகு வேற, தண்ணில நிக்கற படகு வேற" என்றார்.

"அத அவர்கிட்டச் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்றார். சொல்லவும் இல்லை. தெரியாததைச் சொல்ல மாட்டேன் என்று போன வருடம் சொன்னவர், இந்த வருடம் தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தார். அதற்காக அவர் மேல் எனக்கு ஏற்பட்ட பிரியம் பெரிது.

நான்தான் சொன்னேனா என்று நானும் எத்தனையோ தடவை எனக்குள்ளேயே கேட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் சொன்னபோது, சொல்லி முடித்த பிறகு தெரிந்தது. இரண்டாம் வருடம் அப்படித் தெரியவில்லை. தொண்டையில் எதுவும் அசைந்ததாக ஞாபகம் இல்லை. பல்லுக்கு நடுவில் இருந்த துணியின் கஞ்சிச் சுவைதான் ஞாபகம் இருக்கிறது. சத்தம் என் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தது என்று சத்தியம் செய்வேன். ஆனால் முதல் வருடமும், டாக்டர் தடதடவென்று இறங்கி வந்திருக்காவிட்டால், நான் வாயே திறக்கவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன்.

டாக்டர் அதற்குப் பிறகும் சில கோடைகள் படகை வைத்திருந்தார். ஒவ்வொரு அக்டோபரிலும் நாங்கள் போய் மூடிக் கொடுத்தோம். அவர் மேலே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கூப்பிட மாட்டார். வேலை முடிந்ததும் கீழே வந்து அடுப்பைப் பற்ற வைத்து, எதுவும் கேட்காமல் எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பார். எழுபதுகளின் கடைசியில் பிரெஞ்சு மொழிச் சட்டம் வந்து, ஆங்கிலம் பேசுகிற குடும்பங்கள் பல டொராண்டோவுக்குக் கிளம்பியபோது அவரும் மகளிடம் போக முடிவு செய்து வீட்டை விற்றார். படகை அந்தத் தீவிலேயே இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் வாங்கிக்கொண்டார். அவர் மீன் பிடிக்கப் போகிறவர். அறைக்குள் இடம் வேண்டும், ஏ.சி. எதற்கு, எடுத்துவிடுங்கள் என்றார்.

என் கணவர் போய்க் கழற்றிக் கொண்டுவந்தார். எடுத்த எடுப்பில் குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை. எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில், துணி துவைக்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கம்பி வலை அறை இருந்தது. அதில் வைத்துப் பூட்டினார். ஒரு நாள் பிரித்துப் பார்த்துவிட்டு வந்து, இத்தனை குளிர்காலத்தில் ஒரு குழாய்கூட விரிசல் விடவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். வசந்தம் வந்து பழைய இரும்புக்காரர் எடுத்துப் போகும்வரை அது அங்கேதான் இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்கத் துணி மூட்டையை அவரையே கீழே எடுத்துப் போகச் சொன்னேன். மாடிப்படி ஏற முடியவில்லை, முட்டி வலிக்கிறது என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் எடுத்துப் போனார்.